அளவுக்கு நின்றவள்

…கைதட்டட்டும், இன்னும் நன்றாகத் தட்டட்டும், ஏறினால்தானே விழும்போது வலிக்கும், நூலக மாடியில் நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்பவர்கள்கூட வாய்பிளந்து கேட்கிறார்கள், பேசுகிறவன் ஸ்பீக்கர், அகழாய்வுக் குழியில் ஒன்றாக வேலை பார்த்த நாளில் அவனுக்கு இவள் வைத்த பெயர், தொண்டை அப்படி, இப்போது கோட்டு மாட்டிக்கொண்டு திரையைக் காட்டுகிறான், "நம்ம ஊரு லேசுப்பட்ட ஊரு இல்லீங்க, இது கோட்டைச் சுவர்!" திரையில் சுவர், அதன் முன்னே ஒரு மண்மேடு, மேட்டுக்குப் பின்னால் தோளுக்கு மேல் மட்டும் தெரிகிற இவள். "அளவு தெரியறதுக்கு ஒரு பொண்ண நிக்க வச்சோம்." ஒரு பொண்ணா? நிக்க வச்சோமா? அந்தச் சுவரைக் கண்டுபிடித்ததே இவள், அறிக்கையில் பெயரைக் காணோமே என்றதற்கு "அச்சுல விட்டுப்போச்சு" என்றான், பிறகு புத்தகத்திலும் விட்டுப்போயிற்று, நல்ல அச்சு… பக்கத்தில் தங்கை கிசுகிசுக்கிறாள், "அக்கா, நீ பல்லக் கடிக்கிறது பின்வரிசை வரைக்கும் கேக்குது." கேட்கட்டும்.

படமெடுத்த அன்று அவன் அங்கே இல்லவே இல்லை, காய்ச்சலென்று அறையில் இழுத்துப் போர்த்திக் கிடந்தான், அளவுகோல் பெட்டிச் சாவியும் அவனோடு, வேறு வழியில்லாமல் அளவுகோலுக்குப் பதில் இவளே போய் நின்றாள், படமெடுத்தவன் "இன்னும் பின்னாடி, இன்னும்" என்றான், போனாள், சுவரடியில் தோண்டியிருந்த இடுப்பாழக் குழிக்குள் இறங்கிவிட்டாள், மேடு குழியை மறைத்தது, மாலையில் கொட்டிய மழையில் சுவர் சரிந்தது, மிஞ்சியது இந்த ஒரே படம். தரையில் நிற்கிறாள் என்று நினைத்து, இவள் உயரத்தை வைத்தே கணக்குப் போட்டு, சுவரை இரண்டு மடங்காக வளர்த்துவிட்டான், கோட்டையாவது ஒன்றாவது, ஆடு தாண்டாமலிருக்க எவனோ எழுப்பிய தோட்டத்து மதில்! கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கேட்டானா? கேட்காத அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக மிட்டாய்போல வாயில் அடக்கிச் சுவைத்துக்கொண்டிருக்கிறாள்…

"யாருக்காவது கேள்வி இருக்குங்களா?" கை தானாக உயர்ந்தது. "அக்கா, வேணாம், மானம் போகுது." "யாரு மானம்டி?" மைக் வந்தது. அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், "சொல்லுங்க மேடம்," அவன் முதுகுக்குப் பின்னாலேயே திரையில் இவள் முகம் நிற்க, மேடமாம், தெரியவில்லையா, தெரியாத மாதிரியா… "அந்தப் படத்துல நிக்கிறவங்க—" "அது சும்மா அளவுக்குங்க!" சபை சிரித்தது, சிரிக்கட்டும், இதோ குழியைச் சொல்லப்போகிறாள், முகம் வெளிறும், கோட்டை இடியும், நாளைக்கே இந்தப் படத்தைப் புத்தகத்திலிருந்து, ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற பேச்சிலிருந்தும் தூக்கிவிடுவான்… தூக்கிவிட்டால்? அங்கே இவள் இருந்தாள் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது? பெயர் இல்லை, சுவரும் இல்லை, அவனுடைய பொய்க் கோட்டைக்கு முன்னால் மட்டும்தானே இவள் நின்றுகொண்டிருக்கிறாள்… "மேடம்?" என்றான் அவன், மைக்கில் இவள் மூச்சு மட்டும் கூடமெங்கும் இரைந்தது.