முதுகைக் காட்டி நிற்கவும்

எங்கள் பால் பண்ணையில் நிரந்தரமானவர்களைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். நான் பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

வேலை ஒன்றுதான். குழாயில் பால் வரும். அதிலிருக்கும் சர்க்கரையை ஒவ்வொன்றாகக் கையால் இரண்டாகப் பிட்டுப் போட வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாத வயிறுகளுக்காக இந்த ஏற்பாடு. எங்களுக்கு என்சைம் என்று பெயர். சாயங்காலம் மதகைத் திறப்பார்கள். ஒட்டாதவர்கள் பாலோடு வெளியே போய்விடுவோம். மறுநாள் காலை முப்பத்தேழாம் நம்பர் பஸ் பிடித்துத் திரும்பி வருவோம்.

தில்லைநாயகம் எனக்கு நாலு வருடம் பின்னால் சேர்ந்தவன். மூன்றாம் மாதமே அவனை ஒட்டிவிட்டார்கள். அதுவும் ஜன்னலுக்கு எதிரே. எனக்கு வயிறு எரிந்தது. எரிச்சலில் சர்க்கரைகூடச் சரிபாதியாக உடையவில்லை.

"என்னண்ணே, பஸ்ல கூட்டமா?" என்று தினமும் சுவரிலிருந்து கேட்பான்.

"உக்கார எடம் கெடச்சுது" என்று பொய் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை என் பெயரும் பட்டியலில் வந்தது. ஒட்டும் பிரிவு பூரணவல்லி மேடம் சுவரில் பசை பூசினார்.

"முதுகு சுவத்துப் பக்கம் இருக்கணும். கை ரெண்டும் பால் பக்கம். அசையாதீங்க."

"எந்த எடம் மேடம்?"

"தில்லைநாயகத்துக்குப் பக்கத்துல."

முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துண்டுச் சங்கிலி வைப்பார்கள். ஆள் கொஞ்சம் அசைந்து வேலை பார்க்க அது வேண்டும். எனக்கு ஒரு ஜாண் சங்கிலி வெட்டியிருந்தார். தில்லைநாயகத்துக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பி, அவன் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு அளந்தேன். ஒரு ஜாணும் நாலு விரலும்.

அதற்குள் பசை காய்ந்துவிட்டது. என் முகமும் இரண்டு கைகளும் சுவரில் இருந்தன.

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல" என்றார் மேடம்.

"பேத்து எடுத்து மறுபடி ஒட்டுங்க."

"ஒட்டுனா ஒட்டுனதுதான்."

மூன்று முறை தண்ணீர் அடித்துப் பார்த்தார். நான் விழவில்லை. நல்லாப் புடிச்சிருக்கு என்று பதிவேட்டில் டிக் அடித்தார். நிரந்தர உத்தரவை என் முதுகில் ஒட்டிவிட்டுப் போனார்.

பால் என் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. பக்கத்தில் தில்லைநாயகம் பிட்டுப் போடும் சத்தம் கேட்கும். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை யாரும் குறை சொல்வதில்லை. சுவரில் எத்தனை பேர் என்றுதான் எண்ணுகிறார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுவதில்லை.

நேற்று தில்லைநாயகத்தின் சங்கிலி தேய்ந்து அறுந்தது. பாலோடு மதகு வழியே போனான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை, முகம் சுவரில் இருந்தது.

இன்று காலை கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

"அண்ணே, முப்பத்தேழுல வந்தேன்."

"கூட்டமா?" என்று சுவரிடம் கேட்டேன்.

"காலியா இருந்துச்சு. ஜன்னலோர சீட்டு. வழியெல்லாம் வேப்பம்பூ."

பதினோரு வருடம் அந்த பஸ்ஸில் நான் நின்றுகொண்டேதான் வந்தேன்.