மூன்று செல்போன்களில் தெரிந்த சர்க்கரை

வஹீதுன்னிசா மூன்றாவது இடியாப்பத்தைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் செல்போன் அடித்தது. பூந்தமல்லி கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கணவர் ஷேக் தாவூத்தான்.

"இன்னா துன்னுகினு கீறே? காலையிலயே நூத்தி எழுவது காட்டுது."

"இடியாப்பம்தாங்க. ஊசி போட்டுக்கினுதான் உக்காந்தேன்."

"போதும், எழுந்திரு. புள்ள அங்கேர்ந்து பாத்தா மனசு கஷ்டப்படுவான்."

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டாள்.

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். வேளைக்கு ஒரு இன்சுலின் ஊசி. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகன் முஸ்தகீம், இரண்டு மாதத்துக்கு முன் லீவில் வந்தபோது சர்க்கரையை அளக்கும் ஒரு சென்சாரை வாங்கி அம்மாவின் மேல்கையில் ஒட்டினான். பார்க்க ஐந்து ரூபாய் நாணயம் போல இருக்கும். அதிலிருந்து தோலுக்கடியில் போகும் மெல்லிய இழை, சர்க்கரை அளவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனுக்கு அனுப்பும். மகன் அதைத் தன் போனிலும் அத்தா தாவூத்தின் போனிலும் தெரியும்படி இணைத்துவிட்டுப் போனான். தினம் நாலு முறை விரலைக் குத்திக்கொள்ளும் வலி தீர்ந்ததே என்று வஹீதுன்னிசாவும் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் அன்று முதல் அவள் வாயில் போடுவதற்கெல்லாம் கேள்வி வந்தது. ஒருநாள் போனை வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குப்பம்மாவோடு உட்கார்ந்து ரெண்டு வடை சாப்பிட்டுவிட்டு வந்தாள். போன் அருகில் இல்லையென்றால் யாருக்கும் தெரியாது என்பது அவள் கணக்கு. சென்சாரோ எல்லாவற்றையும் தன்னுள் சேர்த்து வைத்திருந்து, அவள் திரும்பி வந்ததும் விட்டுப்போன கோட்டை அப்படியே வரைந்துவிட்டது. சாயங்காலம் தாவூத் போனை நீட்டி, "இங்க இன்னா, மல மாரி ஏறிகீது?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. மகனிடமிருந்து குரல் செய்தி வந்தது: "ஏம்மா இப்படிப் பண்றே?" அடுத்த நிமிடம் கணவரின் அழைப்பு. வஹீதுன்னிசா யாரிடமும் சொல்லாமல் இன்னொரு எட்டு யூனிட் இன்சுலினைப் போட்டுக்கொண்டாள்.

மூன்றேகால் மணிக்குத் தாவூத் போனைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. பக்கத்தில் ஒரு அம்புக்குறி செங்குத்தாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. "இப்பத்தான் ஒயுங்கா கீது" என்று கடைக்கு வந்தவரிடம் பெருமையாகக் காட்டினார். கால் மணி நேரத்தில் போன் அலறியது. ஐம்பத்தெட்டு. வீட்டுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. குப்பம்மாவுக்கு அடித்து, சர்க்கரை இறங்குவதைச் சொன்னார்.

குப்பம்மா ஓடிப்போய்ப் பார்த்தபோது வஹீதுன்னிசா வாஷிங் மெஷினில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. "யாரு நீ?" என்று குழறினாள். நல்லவேளை, விழுங்க முடிந்தது. குப்பம்மா மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். தாவூத் வந்து சேர்ந்தபோது மனைவி தெளிவாகப் பேசினாள். போனில் மட்டும் இன்னும் ஐம்பத்திரண்டு. பதறிப்போய் ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

நர்ஸ் விஜி வஹீதுன்னிசாவிடம் ஊசி போட்ட விவரம் கேட்டுக்கொண்டு விரலில் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு.

"பயப்படாதீங்க பாய். சென்சார் ரத்தத்துல அளக்கறதில்ல, தோலுக்கடியில இருக்கற நீர்ல அளக்குது. அதான் பத்து நிமிஷம் பின்தங்கி வருது. சந்தேகம்னா விரல்ல குத்திப் பாத்துடணும்."

"தொண்ணூத்தெட்டு காட்டிச்சேம்மா, நல்லாத்தானே இருந்திச்சு?"

"நம்பர் இப்ப எவ்வளவுன்னு சொல்லும். அம்புக்குறிதான் அடுத்து எங்க போகுதுன்னு சொல்லும். நேரா கீழ காட்டினா வேகமா இறங்குதுன்னு அர்த்தம். அப்பவே ஏதாவது சாப்பிடக் குடுத்திருக்கணும்." தாவூத்தின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு வஹீதுன்னிசாவின் பக்கம் திரும்பினாள். "சாப்பிட்டா ஏறத்தாம்மா செய்யும். எழுபதுக்கும் நூத்தி எண்பதுக்கும் நடுவுல ஒரு நாள்ல எவ்வளவு நேரம் இருக்கீங்கன்னுதான் நாங்க பார்ப்போம். நூத்துக்கு அறுபத்தெட்டு பங்கு நேரம் இருந்திருக்கீங்க. நல்லாத்தான் பாத்துக்கறீங்க. முதல் ஊசியே வேலை செஞ்சிட்டிருந்துச்சே, எதுக்கு இன்னொண்ணு?"

வஹீதுன்னிசா கணவரைப் பார்க்காமல் சொன்னாள். "ஏசுவாங்கன்னுதான்."

தாவூத் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கிருந்தே மகனுக்கு அடித்தார்.

"முஸ்தகீமு, அம்மா நல்லாகீறாங்க. ஆனா தப்பு நம்ம மேலதான்பா. மெஷின வாங்கிக் குட்த்தோம், அது இன்னா சொல்லுதுன்னு நாம கத்துக்கல. சீக்காளிய மெரட்டினா சீக்கு கொறையாது. நம்மகிட்ட மறைப்பாங்க, அவ்ளோதான். மறைச்சா உசுருக்கே ஆபத்து. இனிமே நம்பர் ஏறிச்சின்னு ஏசறதுக்குப் போன் பண்ணாத. அம்பு கீய காட்டினா பண்ணு. பண்ணி, சாப்டியாம்மான்னு கேளு."