சுவர் தெரியாத குளம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பராமரிக்கும் குளக்காரரின் மனைவி, காலையில் குளத்தில் இறங்கியவள், அன்று கரையேறவில்லை. மூழ்கவும் இல்லை, நீந்திக்கொண்டேயிருந்தாள். குளம் ஒன்றும் பெரியதல்ல, சுமாராக நீந்தத் தெரிந்தவர்கள்கூட ஒரே மூச்சில் அந்தப் பக்கம் போய்த் தொட்டுவிடலாம். அதன் நான்கு சுவர்களும் எல்லோருக்கும் இருந்தன, அவளுக்கு மட்டும் இல்லாமல் போயின. தண்ணீர் அன்று பாலாக வெளுத்திருந்தது, அந்த வெளுப்புக்குள் எந்தப் பக்கம் கை வீசினாலும் அவளுக்குத் தண்ணீர்தான் அகப்பட்டது. இதையெல்லாம் சொன்னது அவளேதான். வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் குழாயின் வாயில், மோட்டார் ஓடும்போதெல்லாம் அவள் குரலும் சேர்ந்து வந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கலோடு. சுவர் எங்கே போய்த் தொலைந்தது என்றுதான் முதலில் கேட்டாள்.

தண்ணீர் வெளுத்ததற்குக் காரணம் குளக்காரர்தான், இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. அவருக்குச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. குளத்துத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் மாறும்; மஞ்சளானால் தண்ணீரில் அமிலம் கூடிவிட்டது, சோடா உப்பைப் போட வேண்டும்; ரத்தச் சிவப்பானால் காரம் கூடிவிட்டது, அமிலத்தை விட வேண்டும்; இரண்டுக்கும் நடுவில் இளஞ்சிவப்பாக நின்றால் எதையும் தொடாமல் டீ குடிக்கப் போகலாம். இவ்வளவுதான் அந்த வேலையின் சூட்சுமம், அதுவே அவருக்கு எட்டாத விஷயம். கல்யாணமான புதிதில் மனைவி இதைக் கண்டுபிடித்தாள், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து அவள் குழாயைப் பார்ப்பாள், அவர் மருந்தைக் கொட்டுவார். வருஷக்கணக்கில் அந்தக் குளம் கண்ணாடியாக இருந்தது, குடியிருப்பில் எல்லோரும் குளக்காரர் கைராசிக்காரர் என்றார்கள், அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு சண்டை வந்தது. அவளுடைய அண்ணன், பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து கையில் மாவுக்கட்டோடு கிடந்தபோது குளக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் காலத்திலோ கல்யாணப் பந்தலில் மச்சான் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருந்தார், அது என்ன வார்த்தை என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. அவள் பேச்சை நிறுத்தினாள். அன்று காலை அடி மட்டத்து வடிகால் மூடியில் அடைத்திருந்த முடியை எடுக்க அவள் குளத்தில் இறங்கினாள். அவர் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம், கௌரவம் விடவில்லை. தானே குழாயைப் பிடித்தார், தானே சொட்டு விட்டார், தானே பார்த்தார். ரத்தச் சிவப்பாக இருந்தது, அவர் கண்ணுக்கு மஞ்சளாகப் பட்டது. ஏற்கெனவே காரம் ஏறிய தண்ணீரில் ஒரு மூட்டைச் சோடா உப்பைக் கவிழ்த்தார். அந்த ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அத்தனையும் திரிந்து எழும்பி, அவள் மூச்செடுக்க மேலே வருவதற்குள் குளம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

போட்டிருந்த சட்டையோடு அவர் குதித்தார், குறுக்கும் நெடுக்குமாகத் துழாவினார், அவருக்குக் கிடைத்ததெல்லாம் சுவரில் மோதிய நெற்றி வீக்கம்தான். தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள், ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுத்ததுதான் மிச்சம். குரல் மட்டும் குழாயில் வந்துகொண்டிருக்க, அவர்களும் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள், ஈர உடையோடு போய்விட்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் குளம் மூடப்பட்டிருப்பதாகவும், உள்ளே இருப்பவருக்கு யாரும் இடைஞ்சல் செய்யக் கூடாது என்றும் எழுதி ஒட்டினார். குளக்காரர் டப்பாவில் ரொட்டியும் பழமும் வைத்து மூடித் தண்ணீரில் விட்டார். டப்பா வெள்ளைக்குள் போனது, பிறகு காலியாக, கழுவிய டப்பாவாகவே ஓரத்துக்கு வந்தது. அவள் எப்போதும் சுத்தக்காரி. களைத்தால் மிதந்தாள், தூங்கியும் எழுந்தாள். ஆனால் நாளாக ஆகக் குழாயில் பேச்சு குறைந்து மூச்சுச் சத்தம் அதிகமானது. கை கடுக்கிறது என்று சொன்னாள். அவர் பம்பு அறைக்குள் போய் தண்ணீரை வடிகட்டும் மணல் தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார், மோட்டார் சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை.

சுவர் அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குத் தண்ணீர் தெளிய வேண்டும், வேறு வழி இல்லை. தெளிவிக்க வேண்டுமானால் சோதித்துப் பார்க்க வேண்டும், சோதனையைப் பார்க்கத் தெரிந்தவளோ தண்ணீருக்குள். குளக்காரர் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். மூன்றாம் மாடி டாக்டரம்மா ஆரஞ்சு என்றார், அவர் கணவர் செங்கல் என்றார், அதிலேயே அவர்களுக்குள் வாய்த்தகராறு ஆகிவிட்டது. எதிர்வீட்டு ஆசிரியர், ஏன், உங்களுக்கே தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெயிண்டர் வீட்டுக்குப் போனார். மச்சான் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், மூட்டையைக் கவிழ்த்ததையும் சேர்த்து.

"கண்ணு தெரியாதவனுக்கா என் தங்கச்சியைக் கட்டிக் குடுத்தேன்?" என்றார் பெயிண்டர்.

"கண்ணு தெரியும் மச்சான். கலர்தான் தெரியாது."

பெயிண்டர் மாவுக்கட்டுக் கையை ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நிற அட்டைப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பழைய வார்த்தையைப் பற்றி இருவரும் அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது. வாளியில் முதலில் தண்ணீர், அதற்கப்புறம்தான் அமிலம். மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அந்த வாளியையும் ஒரேயடியாகக் கவிழ்க்க முடியாது, உள்ளே ஆள் இருக்கிறாள். குளத்தைச் சுற்றி நடந்தபடி குவளை குவளையாக விட்டார். ஒவ்வொரு தடவையும் கண் எரிகிறதா என்று அவள் குரல் வரும் குழாயைப் பார்த்துக் கேட்டார், எரிகிறது என்று அவள் சொன்னால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தினார். பெயிண்டர் கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, இது மாதுளை, இது பழைய ரோஜா, இன்னும் இறங்கணும் மாப்ள என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிறம் மெல்ல மெல்ல இறங்கி இளஞ்சிவப்பில் நின்றது. தண்ணீர் இப்போது கண்ணுக்கும் தோலுக்கும் நல்ல தண்ணீர்தான், ஆனாலும் வெள்ளை போகவில்லை. மணல் தொட்டியைத் திருப்பித் திருப்பிக் கழுவி ஓட்டியும் அந்தப் பொடி அதில் சிக்கவில்லை. அதற்குள் செயலாளர் பொறுமை இழந்து, குளத்துத் தண்ணீரை அடியோடு திறந்துவிடச் சங்கம் முடிவு செய்துவிட்டது என்று வந்து நின்றார். வடிகால் தெருச் சாக்கடைக்குப் போகிறது. தண்ணீரோடு அவளும் எங்கே போய்ச் சேருவாள் என்று கேட்டதற்கு, அது கூட்டத்தில் விவாதிக்கப்படவில்லை என்றார். குளக்காரர் வடிகால் வால்வின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார், பெயிண்டர் ஒற்றைக் கையில் குளம் தேய்க்கும் தூரிகைக் கம்போடு பக்கத்தில் நின்றார். செயலாளர் வாரக் கடைசிவரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி படிகாரம் ஒன்றுதான் பாக்கி. படிகாரத்தைக் கரைத்து விட்டால் பொடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும், படிந்ததை உறிஞ்சி வெளியேற்றிவிடலாம். ஆனால் அதற்குத் தண்ணீர் துளியும் அசையக் கூடாது. மோட்டாரை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அவள் குரல் வராது, இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது. அதைவிட, அவளும் அசையக் கூடாது. அவள் கை கால் அடித்தால் படிந்தது மறுபடி கலங்கும். இத்தனை நாளும் நீந்தித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நீந்தாதே என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? பெயிண்டர் சொல்லட்டும் என்று முதலில் நினைத்தார். பிறகு தானே தரையில் குப்புறப் படுத்து, குழாயின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டார். அந்த மூட்டையைக் கொட்டினது நான்தான் என்று சொன்னார். தெரியும் என்றாள். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்.

"எவ்வளவு நேரம் மல்லாந்து கிடக்கணும்?"

"தெரியல."

பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி," என்றாள். "மோட்டாரை நிறுத்துங்க. நான் அசைய மாட்டேன்."

படிகாரத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு மோட்டாரை நிறுத்தினார்கள். குடியிருப்பில் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று பால்கனிக்கு வந்தார்கள். குழந்தைகளைக்கூடப் பந்து விளையாட விடவில்லை. குளக்காரர் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. செத்துப்போயிருந்தாலும் இப்படித்தானே சத்தமில்லாமல் இருக்கும் என்று ஒரே ஒரு தடவை மச்சானிடம் சொன்னார். பெயிண்டர் அவர் முதுகில் கை வைத்தார், எடுக்கவில்லை. முதலில் ஏணியின் மேல்படி தெரிந்தது, அப்புறம் அடுத்த படி. வெள்ளை கீழே இறங்கிக்கொண்டே போய், அடியில் மாவு கொட்டின மாதிரிப் படிந்தது. மேலே தண்ணீர் கண்ணாடி. அதில் யாரும் இல்லை.

குளக்காரர் வாயில் அறைந்துகொண்டார். அப்போதுதான் ஆழமான பக்கத்தில், நட்ட நடுவில், சுண்டுவிரல் அளவு ஏதோ மிதப்பது அவர் கண்ணில் பட்டது. நிறம் தெரியாதவர் என்றாலும் அசைவு அவருக்கு நன்றாகத் தெரியும். அது மல்லாந்து கிடந்தது, தலையை மெல்லத் தூக்கியது, இந்தப் பக்கம் திரும்பியது, கையை ஆட்டியது. அவள்தான், சிறுத்துப் போகவில்லை, அவ்வளவு தூரத்தில் இருந்தாள். அடியில் படிந்ததைக் கலங்காமல் உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார்கள். சுவர் தெரிகிறது என்றாள், ஆனால் ரொம்ப தூரம் என்றாள், வந்துவிடுகிறேன் என்றாள். அதற்கப்புறம் அவள் பேசி மூச்சை வீணாக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் வந்துகொண்டிருக்கிறாள். முதல் வருஷம் ஆள்காட்டி விரல் அளவானாள், பிறகு உள்ளங்கை அளவு, இப்போது முழங்கை நீளம் இருக்கிறாள். ரொட்டி டப்பாவைத் தண்ணீரில் விட்டால் அது அவளை நோக்கிப் போகப் போகக் கடுகாகச் சிறுத்துவிடுகிறது. செயலாளர்கள் இரண்டு பேர் மாறிவிட்டார்கள். புதியவர் குளத்தை மறுபடி எல்லோருக்கும் திறந்துவிட்டார், நடுவில் பாதை ஒன்றை மட்டும் அவளுக்கென்று கயிறு கட்டி ஒதுக்கச் சொன்னார், மற்றதில் எல்லோரும் நீந்துகிறார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் நாள் எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் பழகிவிடும். தண்ணீர் ஒரு நாள் கலங்கினாலும் அவளுக்குத் திசை தப்பிவிடும் என்பதால் குளக்காரர் ஒரு நாளும் விடுமுறை எடுத்ததில்லை. பெயிண்டர் தன் வேலையை விட்டுவிட்டுப் பம்பு அறைக்குப் பக்கத்து அறைக்குக் குடிவந்து தினமும் நிறம் பார்த்துச் சொல்கிறார். ஒரு தடவை அவர் அளவு நாடாவைத் தண்ணீர் மேல் பிடித்து, அவள் கரை சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டார். விடையை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குளக்காரருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, குவளையை இப்போது இரண்டு கையாலும் பிடிக்கிறார். அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை, அது இங்கிருந்தே தெரிகிறது. காலையில் தண்ணீரைச் சோதித்து முடித்ததும் அவர் ஏணிக் கைப்பிடியில் துவைத்த துண்டு ஒன்றைப் போட்டு வைக்கிறார். சாயங்காலம் அதை எடுத்து மடித்துக்கொண்டு போய், மறுநாள் வேறொன்று கொண்டுவருகிறார். நீந்த வருகிறவர்கள் எவ்வளவு நனைந்திருந்தாலும் அந்தத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்வதில்லை.