மணல் மேட்டிலிருந்து எடுத்தது

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும், எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் டிக்கெட் எடுக்காதவர்களாகவே அவருக்குத் தெரிந்தார்கள். கால்நடை ஆஸ்பத்திரிப் பெண் வாசலில் வந்து பூனையின் மலம் கேட்டபோது, அவர் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"எதுக்கும்மா?"

"வீட்டுப் பூனைங்கள்ல எத்தனைக்கு வயித்துல பூச்சி இருக்குன்னு கணக்கெடுக்கறோம் சார். இந்தத் தெருவுல பத்து பாத்தோம், நாலுக்கு இருக்கு."

"எங்க பட்டு வாசல்படி தாண்டாது."

"தாண்டாததுக்கும் வரும் சார். தாய்ப்பால்லயே வரும். ஒரு எலியப் பிடிச்சாலும் போதும்."

கேட்டு வாய் மூடுமுன் பதில் வருகிறதே! பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. இன்றைக்குப் பூச்சி என்பார்கள், நாளைக்கு மருந்தைத் தலையில் கட்டுவார்கள்.

அவள் கொடுத்துப்போன டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து மனையின் மணல் மேட்டுக்குப் போனார். தெருவில் திரியும் 'ரவுடி' என்ற கடுவன் பூனை ஒதுங்கும் இடம் அது. அங்கே கிடைத்ததை அள்ளி, மேலே 'பட்டு' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "பட்டுவுக்கு நாக்குப்பூச்சி இருக்கு சார்."

"மாட்டினாங்க!" என்று தொடையைத் தட்டினார். "நான் குடுத்தது ரவுடியோடது!"

மனைவி அரிசி களைவதை நிறுத்தவில்லை. "அப்ப ரவுடிக்கு இருக்குன்னுதானே அர்த்தம்? அவங்க என்ன பொய் சொன்னாங்க?"

சொல்லும்போதே அவள் முகம் வாடியதை அவர் கவனித்தார். கண்டக்டர் கண் அல்லவா?

"என்னமோ மறைக்கறே."

"மத்தியானத்துல நீங்க தூங்கினதும் ரவுடி சமையக்கட்டு ஜன்னல் வழியா வருவான். பட்டு தட்டுலதான் சாப்பிடுவான். ரெண்டும் சேந்து வெளிய போய்ட்டு வருங்க. பாவம், பசின்னு வருது, நான்தான் திறந்து விடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

சொந்த வீட்டிலேயே ஒரு வருஷம் ஓசிப் பயணம்! கோபத்தை விழுங்கிக்கொண்டு, மறுநாள் பட்டுவினுடையதை அவரே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் உண்மையை ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் டப்பாவை வாங்காமல் அவரையே பார்த்தாள்.

"இது யாரோடது சார்?"

"சத்தியமா பட்டுவோடதும்மா."

அதிலும் பூச்சி முட்டை இருந்தது. பட்டுவைத் துண்டில் சுற்றி மாத்திரையை விழுங்கவைத்தார்கள். ரவுடியோ மீனுக்குள் ஒளித்துவைத்த மாத்திரையை முகர்ந்தான், கண்டக்டரை ஏற இறங்கப் பார்த்தான், இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தான். அவனைச் சாப்பிட வைக்க நாலு நாள் ஆயிற்று.