தம்பி வீட்டு முற்றம்

நகராட்சி வாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் வழக்கம்போல் ராலித்சாவிடம்தான் மைக்கை நீட்டினார்கள். ஊரார் ஒதுக்கிவைத்த ரோமா இனத்தாரின் ஆற்றோரக் குடியிருப்புக்காக வருடக்கணக்காகப் பேசிப் பேசி, வாக்கியங்கள் அவள் வாயில் தாமாகவே வந்து விழும். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லித்தருபவள். தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். அவள் பேசத் தொடங்குமுன், அந்தக் குடியிருப்புக்காரி செவ்தா அவள் முழங்கையைப் பிடித்து ஒதுக்கினாள்.

"இன்னிக்கு நான் பேசுறேன். இடிக்கப்போறது என் வீட்டை."

செவ்தா தடுமாறித்தான் பேசினாள். நடுவில் அழுதாள். கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தையும் வந்துவிட்டது. எடுத்துக்கொடுக்க ராலித்சாவுக்கு வாய் துடித்தது, அடக்கிக்கொண்டாள். நம்மை வேண்டாமென்று சொல்லிவிட்டாளே என்ற வருத்தமும், அப்பாடா என்ற ஆறுதலும் சேர்ந்தே வந்தன. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

படியிறங்கும்போது செவ்தா கேட்டாள்: "நாளைக்குப் பொக்லைன் ஓட்டிட்டு வரப்போறது உன் தம்பிதானே?"

ராலித்சா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் எங்களைப் பத்திச் சொன்னியே, அவன்கிட்ட சொன்னியா?"

சொன்னதில்லை. தம்பி வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ரோமாக்களைப் பற்றிக் கேலி கிளம்பும்போதெல்லாம் அவள் எழுந்துபோய்த் தட்டுக் கழுவுவாள்.

வீட்டுக்குப் போகாமல் அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். கமென் முற்றத்தில் தகர அடுப்பைப் பற்றவைத்து, குளிர்காலத்துக்குப் புட்டியில் போட்டுவைக்கச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான்.

"வாக்கா. டிவியில உன்னைக் காணோம்? கழட்டி விட்டுட்டாங்களா?"

"நாளைக்கு நீ வேலைக்குப் போகாதே, கமென்."

அவன் சிரிப்பு நின்றது. "நான் ஓட்டலைன்னா இன்னொருத்தன் ஓட்டுவான்."

"ஓட்டட்டும். நீ ஓட்டாதே."

"வேலை போயிடும். அப்புறம் என் பிள்ளைங்களுக்கு உன் ஆளுங்களா ரொட்டி வாங்கித் தருவாங்க?"

இத்தனை வருடம் பேசியதில் ஒரு வார்த்தைகூட இந்த முற்றத்தில் உதவிக்கு வரவில்லை. "தெரியலடா," என்றாள். "ஆனா கேக்காம இருக்க முடியல."

உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கமென் இடுக்கியால் மிளகாய்களைப் புரட்டினான். புரட்டியதையே மறுபடி புரட்டினான்.

"டிவியில அழுதாளே, அந்தப் பொம்பளை," என்றான் நிமிராமலே. "அவ வீடு எது?"

"ஓரத்துல, பச்சைக் கதவு."

 எதற்கு என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, சுட்ட மிளகாய் ஒன்றை எடுத்துத் தோலுரிக்கத் தொடங்கினாள். விரல்கள் பொசுங்கின. கமென் தண்ணீர்க் கிண்ணத்தைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினான்.