பச்சை டப்பா உருகிய ஓவன்

ஓவனைச் சுத்தம் செய்த சனிக்கிழமை காலை, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரின் நெற்றியில் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் வந்து உட்கார்ந்தது. சோப்புக்கு அசையவில்லை, மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. கிட்டே போனால் கருகின கோழித்தோல் வாசம் அடித்தது. வயதானால் மச்சம் வருவது சகஜம் என்று சொல்லிவிட்டு அவர் விளையாட்டுச் செய்திக்குத் திரும்பினார். கோழித்தோலைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் எப்போதோ எச்சரித்திருந்தபடியால், வாசத்தைப் பற்றி அவர் மேற்கொண்டு பேச விரும்பவில்லை.

அந்த ஓவன் ஒன்பது வருஷமாகத் துடைக்கப்படாதது. வீட்டார் சோம்பேறிகள் என்று நினைத்துவிடக் கூடாது. குளியலறைக் குழாயில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப்பட்ட வீடு. ஓவன் மட்டும் அழுக்காக இருந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். ஒன்றை யார் துடைக்கிறார்களோ, அவர்கள்தான் அதை அழுக்காக்கினவர்கள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மாமியார் இயற்றிய சட்டம் அது. தான் கொட்டாத பாலை எவளாவது துடைப்பாளா என்று கேட்பாள். ஆகவே உள்ளே எது வழிந்தாலும் வழியவிட்டவர் ஓவன் கதவைச் சாத்துவார், தன் வாயையும் சாத்திக்கொள்வார். நெய்யும் சர்க்கரையும் கோழிக்கொழுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கருகிப் படிந்தன. கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே எரியும் விளக்கு தெரியாமல் போனது. விளக்கு ஃப்யூஸ் என்று பேசி முடித்தார்கள்.

இத்தனைக்கும் பொறுப்பு ஒருத்திதான் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் அந்த வீட்டில் ‘புதுசு’ என்றுதான் பெயர். வந்த இரண்டாம் வாரத்திலேயே, அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சை பிளாஸ்டிக் டப்பா ஓவனுக்குள் உருகி, அடித்தட்டில் குளம்போலப் பரவி, இறுகிக் கறுத்துக் கிடந்தது. டப்பா அவளுடையது, எனவே தப்பும் அவளுடையது. அன்றைக்குப் பூட்டிய பூட்டு அப்புறம் திறக்கவே இல்லை. ஓவனைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. பாத்திரம் தேய்க்கலாம், காய் நறுக்கலாம், விருந்தாளிகளிடம் ‘ஓவனை இவதான் பாழாக்கினா’ என்று அறிமுகம் செய்யப்படலாம். முதல் வருஷம் அவள் ‘நான் வைக்கலை’ என்றாள். மூன்றாம் வருஷம் ‘வச்ச ஞாபகம் இல்லை’ என்றாள். ஐந்தாம் வருஷத்துக்கு மேல், தூக்கக் கலக்கத்தில் வைத்துத் தொலைத்திருப்போமோ என்று தன்னையே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். யாரும் மெனக்கெட்டு எதையும் நிரூபிக்கவில்லை. தினமும் சாப்பாட்டோடு அந்தப் பழியையும் ஒரு கரண்டி பரிமாறினார்கள், அவ்வளவுதான். அவளுக்கு வேலை டாக்ஸி கம்பெனியில் போன் எடுப்பது. வண்டி வராதவர்களிடம் பகல் முழுக்க மன்னிப்புக் கேட்பதற்குச் சம்பளம் உண்டு. வீட்டுக்கு வந்து கேட்பது இலவசம்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பதில் கெட்டிக்காரன். வீட்டில் மாட்டிக்கொண்டவளிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அம்மா அப்படித்தான், நீ விடு.” நல்லவன் என்று தெருவே சொன்னது. சண்டை வந்தால் அந்த இடத்திலேயே இருக்க மாட்டான், அந்த வகை நல்லவன்.

ஒருநாள் ரொட்டி சுடும்போது ஓவன் கக்கிய புகை மாடி வீட்டுக்கு ஏறி, மாடிவீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார். வந்தவர்களில் பெரியவர் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். “இதுக்குள்ள இன்னுமா சமைக்கிறீங்க? யாருங்க இதை இப்படி ஆக்கினது?” என்று கேட்டார். குடும்பத்தில் அத்தனை ஒற்றுமை அதற்கு முன்னும் பின்னும் காணப்பட்டதில்லை. எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டன. “ஆக்கினவளே சுரண்டட்டும்” என்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள். சுரண்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று புதுசுக்குத் தெரியும். சுரண்டாமல் இருந்த ஒன்பது வருஷத்தில் என்ன வாழ்ந்துவிட்டோம் என்றும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே கம்பித் தட்டுகளைக் கழற்றிச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் அமிழ்த்தினாள். சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சூடேற்றும் கம்பியில் மட்டும் படாமல், உள்ளே மேலும் கீழும் பக்கவாட்டிலும் அப்பி ஊறவிட்டாள். காலையில் நாத்தனார் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து, “இந்தாங்க அண்ணி, செத்துப்போன ஏடிஎம் கார்டு. நல்லாச் சுரண்டும்” என்று ஒன்றை நீட்டினாள். அதுதான் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் ஆயுதம். வலது சுவரில் முதல் இழுப்பு இழுத்தாள். கறை சுருண்டு வந்தது, ஆனால் கீழே விழுவதற்குள் காணாமல் போனது. கூடத்தில் மாமனாருக்கு மச்சம் வந்தது.

இரண்டாவது இழுப்பில் நாத்தனாரின் காதிலிருந்து தோள்வரை கருகின சீஸ் ஒரு கோடாக இறங்கியது. இலை தழை தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று இரண்டு வருஷமாக உலகத்துக்குச் சொல்லி வந்தவள் அவள். “அம்மா! அண்ணி என்னை என்னமோ பண்ணிட்டாங்க!” என்று அலறினாள். “தலையை ஓவனுக்குள்ள விட்டுட்டு உக்காந்திருக்கேன். உன் கழுத்துக்கு நான் எங்க வந்தேன்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வினிகரைத் தெளித்ததும் நுரை பொங்கியது. மேற்கூரையையும் இடது சுவரையும் சேர்த்து வழித்தபோது மாமியாரின் இரண்டு கைகளும் விரல்நுனியிலிருந்து முழங்கைவரை கறுத்தன. கையுறை போட்டதுபோல ஒரே அளவாக, சுத்தமாக, ஒரு நர்ஸுக்கு ஏற்றபடி. நெய் வாசம் தெருமுனைவரை போனது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “போதும், போதும். ஓவன் என்ன ஆபரேஷன் தியேட்டரா? இவ்வளவு சுத்தம் எதுக்கு?” என்றாள் மாமியார். புதுசின் மணிக்கட்டிலும் பயறு அளவுக்கு ஒரு புள்ளி வந்தது. அது அவள் வந்த முதல் வாரத்தில் பொங்கி வழிந்த பால். தன்னுடையதுதான் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

மிச்சம் இருந்தது அடித்தட்டுக் குளம் ஒன்றுதான். அதைப் பார்த்ததும் மாமியாருக்குச் சுத்தத்தின்மேல் மறுபடி பற்று வந்துவிட்டது. “அதை மட்டும் ஏன் விடுற? சுரண்டு. எல்லாரும் பாக்கச் சுரண்டு. எங்க போய் ஒட்டுதுன்னு தெரியட்டும்.” புதுசு கார்டைக் குளத்தின் ஓரத்தில் வைத்து நிறுத்தினாள். அது தன்மேலேயே வந்து ஒட்டினால்? ஒன்பது வருஷமாக அவர்கள் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிட்டால், அதன்பின் இந்த வீட்டில் வாய் திறக்க ஒரு முகாந்திரமும் இருக்காது. அப்போது அதுவரை உடம்பில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லாமல் கதவோரம் நின்றிருந்த கணவன் தொண்டையைச் செருமினான். “அதை விடும்மா. அடி எனாமல் பேந்துடும்.” கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சண்டைக்குள் அவனாக வந்து பேசியது அதுவே முதல் முறை. புதுசு ஓவனிலிருந்து தலையை வெளியே எடுத்து அவனைப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்க. சுரண்டவா, வேண்டாமா?”

“உன் இஷ்டம்” என்றான் அவன்.

அவள் சுரண்டினாள். கார்டு இரண்டாக உடைந்தது, தோசைத் திருப்பியை எடுத்தாள். மதியம் சாய்ந்தபோது குளம் ஒரே தகடாகக் கிளம்பிக் காற்றில் மறைந்தது. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். யார் முகத்திலும் புதிதாக ஒன்றும் இல்லை, கையிலும் இல்லை. கணவனின் வாயில் ஒட்டியிருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். கறைக்குக் கதையைப் பற்றி அக்கறை இல்லை. “வெளிய எங்கயும் வரலைன்னா இவ துணிக்குள்ளதான் இருக்கு” என்று மாமியார் வழக்கை முடித்தாள். புதுசு குளியலறைக்குப் போய் இரண்டு கண்ணாடி வைத்துத் தன்னை முன்னும் பின்னும் பார்த்தாள். பால் புள்ளியைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னைத்தானே நம்பிக்கொண்டு வெளியே வந்தபோது, கொளுத்துகிற வெயிலில் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாயாமல் விறைத்து உட்கார்ந்திருந்தான் ஒருவன். அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவான் என்று தெரியும். ‘நீ விடு’ என்பான்.

சுத்தமான ஓவனை மறுநாள் போட்டுப் பார்த்தபோதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. ஓவன் சூடானால் கறைகளும் சூடாகின. மாமனாருக்கு நெற்றியில் ஒத்தடம் கொடுத்ததுபோல மூக்கடைப்பு விட்டது. நாத்தனார் கழுத்து வலிக்குப் போட்ட பட்டையைத் தூக்கி எறிந்தாள். மாமியாரின் மூட்டுவலி, எத்தனையோ டாக்டர்களை ஜெயித்த மூட்டுவலி, அரை மணி நேரத்தில் தோற்று ஓடியது. அதன்பிறகு கறையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை. கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினாள் மாமியார். தினமும் சாயங்காலம் அவளே கூப்பிடுவாள்: “ஏய் புதுசு, கை குடையுது. அந்த ஓவனைக் கொஞ்சம் போடேன்.” தடை எப்போது நீங்கியது என்று யாரும் அறிவிக்கவில்லை. புதுசு ஓவனைப் போட்டாள். சும்மா எரிவானேன் என்று மாவு பிசைந்து ரொட்டி வைத்தாள். மாமியார் கேட்ட சூட்டுக்குமேல் ஓவன் குமிழை ஒரு கோடு கூட்டினாள். மறுவாரம் இன்னொரு கோடு.

கோடை போய், மழை வந்து, மறுபடி கோடை வந்தது. ஓவனில் எது சிந்தினாலும் சிந்தியவரே ஓடிவந்து துடைத்தார்கள். கணவன் சட்டையோடு தூங்கினான். சட்டையோடு குளித்தான், அல்லது குளித்ததாகச் சொன்னான். ஓவன் எரியும் நேரத்தில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் பழுதாகாதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் லிஃப்டுகள் அந்த வருஷம் துரோகம் செய்வதுபோல ஒழுங்காக ஓடின. அம்மாவுக்கு வலி குறையக் குறைய மகனுக்கு வேர்வை கூடியது. ஃபேன் நேராக அவன் தலைக்குமேல் மாற்றப்பட்டது. “உடம்புக்கு என்னடா, காய்ச்சலா?” என்று தாய் கவலைப்பட்டாள். கவலைப்பட்டால் அவளுக்குக் கை குடையும், உடனே ஓவனைப் போடச் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்படியில் ஓவன் எரிந்துகொண்டிருக்க, ஐந்து பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அவன் கையிலெடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தான். எழுந்து நின்றான். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றாமல் ஒரே இழுப்பில் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். முதுகு முழுக்கப் பச்சை பாய்ந்த கறுப்பு. டப்பா மூடியில் இருந்த பூ வேலைப்பாடு இதழ் இதழாக அச்சு விழுந்திருந்தது. “நான்தான் வச்சேன்” என்றான் சுவரிடம். “வேலைவிட்டு வந்து பசியில வச்சேன். சொல்லலை.”

மாமனார் குழம்பை ஊற்றிக்கொண்டார். நாத்தனார் பூவைக் கிட்டே வந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள். மாமியார் தன் கறுத்த கைகளையும் மகனின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். “சின்னப் பிள்ளை, பசி தாங்க மாட்டான்” என்றாள். டப்பா உருகியபோது சின்னப் பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. மன்னிப்பு என்ற சொல்லை யாரும் உபயோகிக்கவில்லை. அது டாக்ஸி கம்பெனியில்தான் புழக்கத்தில் இருந்தது.

புதுசு சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஓவனை அணைத்தாள். கூடத்தில் அவன் பெரிதாக மூச்சு விடுவது கேட்டது. இரக்கப்பட்டுத்தான் அணைத்தாள் என்று அவன் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ரொட்டி வெந்துவிட்டது, அதனால் அணைத்தாள்.