ஸோயா கொடுத்த நாற்று

காலையில் ராயிசா சமையலறைத் திரையை விலக்கியபோது ஜன்னல் விளிம்பில் இருந்த தக்காளி நாற்றுகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. தயிர்க் குவளைகளிலும் குறுக்கே வெட்டிய பால் அட்டைப்பெட்டிகளிலுமாக நாற்பத்தியொரு நாற்று. முந்தின நாள்வரை விறைப்பாக நின்றவை. ஒவ்வொன்றின் தண்டும் மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து நூலாக மெலிந்திருந்தது. நாற்றழுகல். தண்ணீர் மிஞ்சினால் வருவது. முப்பது வருஷமாக விதை போடுகிறவளுக்கு இது தெரியாதா என்ன? மார்ச் பாதியில் விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை கண்டதும் குவளைக்கு மாற்றி, வெயில் போதாத ஊர் என்பதால் விளக்கும் போட்டு, கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தாள். ஆனால் ஒரு கையில் குவளையைத் தூக்கிக் காட்டி, "தக்காளி, சொல்லு, தக்காளி" என்று புருஷன் வாயையே பார்த்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. முற்றத்தில் பனி இன்னும் அழுக்குக் குவியலாகக் கிடந்தது. ஆனாலும் மறுபடி விதைக்கிற காலம் தாண்டிவிட்டது. கோடை குறுகின ஊர்.

அர்க்காதி மேசைக்கு எதிரே உட்கார்ந்து இடது கையால் கஞ்சி தின்றுகொண்டிருந்தான். நாற்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவன். "பஸ் நின்னாலும் உன் வாய் நிக்காதாய்யா?" என்று ராயிசா எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் வம்பு. பல் போன கிழவிகளிடம் எப்போது கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பான். மேலதிகாரி இரண்டு தடவை எழுத்தில் கண்டித்தும் திருந்தவில்லை. சென்ற ஆகஸ்டில், ஊருக்கு வெளியே இருக்கும் தங்கள் துண்டு நிலத்துப் பசுமைக்குடிலில் தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டிக்கொண்டிருந்தவன், ஏதோ கிண்டல் சொல்ல ஆரம்பித்துப் பாதி வாக்கியத்தில் சரிந்தான். மூளையில் ரத்தக்கட்டு. வலது கையும் பேச்சும் போயின. சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்லத்தான் ஒன்றும் வரவில்லை. வந்தால் ஒரு வருஷத்துக்குள் வரும், அப்புறம் பெரும்பாலும் வராது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து ராயிசாவுக்கு வேறு நாட்காட்டி இல்லை. ஆகஸ்டு வரை. ஒரே ஒரு சொல். அவள் பெயர்கூட வேண்டாம், கழுதை என்று திட்டினாலும் போதும்.

நாற்று செத்த கதையை மூன்றாம் மாடி ஸோயாவிடம் மாடிப்படியில் வைத்துச் சொல்லும்போது ராயிசா அழுதுவிட்டாள். நாற்றுக்காக அழுகிறாளா வேறு எதற்காக அழுகிறாளா என்று ஸோயா கேட்கவில்லை. ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள், ஐம்பதைத் தொடாதவள், இவர்கள் இருவரையும் அக்கா, மாமா என்று அழைக்கிறவள். தன் வீட்டில் ஜன்னல் கொள்ளாமல் நாற்று நிற்கிறது, நடுகிற சமயத்தில் கொண்டு வந்து தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே மே மாதம் இருபதாம் தேதி வாக்கில், பிற்பகலில், கதவைத் தட்டினாள். கைகளில் ஒரு பழப்பெட்டி. அதற்குள் பன்னிரண்டு தக்காளி நாற்று. விரல் தடிமனில் ஊதா ஓடிய தண்டு, கரும்பச்சை இலை, உச்சியில் முதல் மொட்டு. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு நாற்றை ராயிசா தன் கையால் ஒருபோதும் வளர்த்ததில்லை.

அர்க்காதி அப்போது வாசலை ஒட்டிய முக்காலியில் உட்கார்ந்திருந்தான். நடக்கக் கூட்டிப்போவதற்காக ராயிசா அவன் காலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், ஒரு காலில் மாட்டியாயிற்று. ஸோயா குனிந்து பெட்டியை அவன் முன்னால் வைத்தாள். அவன் இடது கையை நீட்டி ஓர் இலையைத் தேய்த்தான், விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு ஸோயாவை நிமிர்ந்து பார்த்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"நன்... றி" என்றான்.

இழுத்துத்தான் சொன்னான். ஆனால் தெளிவாகச் சொன்னான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து விழுந்த முதல் சொல். ராயிசா என்ன செய்தாள்? கட்டிப்பிடித்தாளா, முழங்காலில் விழுந்தாளா?

"ஐயையோ, சொல்லாதே! வாயை மூடுய்யா! நாத்துக்குப் போய் யாராவது நன்றி சொல்வாங்களா? பட்டுப்போயிருமே!"

தோஷம் கழிய இடது தோளுக்குப் பின்னால் மூன்று முறை துப்பி, கதவுச் சட்டத்தை மூன்று முறை தட்டினாள். அந்த ஊரில் நாற்று கொடுத்தால் யாரும் நன்றி சொல்வதில்லை. கொடுத்தவரும் எதிர்பார்ப்பதில்லை. சொன்னால் வேர் பிடிக்காது என்பது அங்கே நடக்கப் பழகும் வயதிலேயே காதில் ஏறிவிடுகிற விஷயம். அறுபது வருஷத்துப் பழக்கம் அவள் நாக்கில் முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது. ஸோயாவும் வழக்கம்போலச் சிரிக்கத்தான் வாய் திறந்தாள், அப்புறம் அவள் முகம் மாறியது.

"அக்கா, மாமா பேசினாரு."

ராயிசா செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அர்க்காதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான். சொல்லு ராசா, இன்னொரு தடவை சொல்லு, நான் ஒரு முட்டாள், நூறு தடவை சொல்லு என்று அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவன் நாற்றைப் பார்த்தான். சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை, அந்த வாரமும் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் ராயிசா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. இப்படி வருகிற சொல் தானாக நழுவி வருவது, கூப்பிட்டால் வராது, வற்புறுத்தாதீர்கள் என்று மெல்லச் சொல்லி, கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தட்டல்தான் ராயிசாவுக்கு ஆறவே இல்லை. ஒரு வார்த்தைக்காக ஒன்பது மாதம் தவம் கிடந்து, வந்த வார்த்தையை வாசலிலேயே விரட்டிவிட்ட பாவி நான் என்று பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். எதையாவது கொடுத்து அவனை ஏமாற்றி நன்றி சொல்ல வைக்கப் பார்த்தாள். தேநீர் கொடுத்துவிட்டு நின்றாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு நின்றாள். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

தக்காளி என்னவோ, பசுமைக்குடிலில் நட்டபின் தளதளவென்று வந்தது. பழைய ஜன்னல் சட்டங்களை வாங்கி அர்க்காதி தன் கையால் கட்டிய குடில் அது. ஜூனில் இரண்டு இரவு உறைபனி விழுந்து அக்கம்பக்கத்து வெள்ளரியெல்லாம் கருகியபோதும் இந்தப் பன்னிரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜூலையில் செடி கூரையை முட்டியது. வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, அப்படி என்னதான் உரம் போடுகிறாய் என்று கேட்டார்கள். ராயிசா பக்கக்கிளையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றாவது வாடட்டும், ஓர் இலையாவது சுருளட்டும், அப்போதாவது தான் தடுத்தது சரி என்று ஆகும் என்று தினமும் பார்த்தாள். அன்றைக்கு அவன் வாய் திறந்து சொன்ன சொல்லுக்கு அந்தச் செடிகளில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை.

மருத்துவர் சொன்ன ஒரு வருஷம் ஆகஸ்டுப் பத்தொன்பதோடு முடிந்தது. அன்று காலை அவனைக் குடிலுக்குள் கூட்டி வந்து, கவிழ்த்த வாளியில் உட்கார வைத்தாள். உள்ளே புழுக்கம், தக்காளி இலையின் கசந்த வாசம். எல்லாக் குலையும் சிவந்திருந்தது.

"பாத்தியாய்யா? நீ அன்னிக்கு நன்றி சொல்லத்தான் செஞ்சே, ஒண்ணும் ஆகல. இப்ப சொல்லு. பட்டா பட்டுப் போகட்டும், எனக்கு இதுல ஒண்ணுகூட வேணாம்."

அவன் செடிகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். முடியவில்லை என்கிறானா, மாட்டேன் என்கிறானா? கடைசிவரை இது தனக்குத் தெரியப்போவதில்லை என்று ராயிசாவுக்குத் தோன்றியது.

முதல் செடியின் கட்டை அவிழ்த்தாள். அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது. பாதையில் போட்டாள். இரண்டாவதையும் பிடுங்கினாள். பழங்கள் அறுந்து அவன் காலடிக்கு உருண்டன. அவன் இடது கையை நீட்டினான், எட்டவில்லை. மூன்றாவது முரண்டு பிடித்தது. குச்சியோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, அர்க்காதியின் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, நாக்கு பல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

ராயிசா மூச்சுவிடாமல் நின்றாள். அவள் கையில் தொங்கிய வேரிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, பாதத்தில் விழுந்துகொண்டே இருந்தது.